அறுபதாயிரம் லேபிளும் ஒரு சுழியும்

நல்லான் எதை எழுதினாலும் முதலில் ஒரு பிள்ளையார் சுழி போடுவார். இதில் என்ன அதிசயம், ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே என்பீர்கள். பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகைக்கும் புது நோட்டின் முதல் பக்கத்துக்கும் போடுவார்கள். நல்லான், பால்காரருக்கு 'நாளை வேண்டாம்' என்று எழுதி வாசலில் செருகும் துண்டுச் சீட்டுக்கும் போடுவார். வங்கிப் படிவம், ரயில் முன்பதிவுச் சீட்டு, கூரியர் கவர் எல்லாவற்றின் தலையிலும் ஒரு உ. ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் எழுதிக் கொடுத்தபோது, அங்கிருந்த பெண் அதை இனிஷியல் என்று நினைத்துக்கொண்டு 'உ. நல்லான்' என்றே ரிப்போர்ட் அடித்துக் கொடுத்துவிட்டாள். அவருக்குச் சர்க்கரை இல்லை என்று வந்ததால் பெயரைப் பற்றி அவர் சண்டை போடவில்லை.

கேட்டால், அதை எழுதியதாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். வீட்டுக்குள் வந்தவனிடம் 'இப்போது என்ன செய்தாய்' என்று கேட்டால் 'உள்ளே வந்தேன்' என்பானே தவிர, 'செருப்பைக் கழற்றினேன்' என்பானா? அந்த மாதிரிதான். கை எழுதத் தொடங்கும். சுழி தானாக விழும். அதை இப்போதே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் நல்லானுக்கு அது ஞாபகம் வர மூன்று நாள் பிடித்தது, அந்த மூன்று நாளும் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவர் ஊர் வெள்ளகோவில் பக்கம். பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் லேபிள் எண்ணும் வேலையில் உட்கார்ந்தவர், இருபத்தெட்டு வருடமாக லேபிளை விட்டு நகரவில்லை. தையலுக்குப் போனவர்கள் கான்ட்ராக்டர் ஆனார்கள். கட்டிங்குக்குப் போனவர்கள் சொந்தமாக நாலு மெஷின் போட்டார்கள். நல்லான் லேபிளோடு இருந்தார். கழுத்துப் பட்டையில் உட்கார்ந்துகொண்டு உறுத்துமே, அந்தச் சின்னத் துண்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எந்த ரிப்பன் துவைத்தால் சுருங்கும், எந்த மை வெயிலில் மங்கும், எப்படி வெட்டினால் ஓரம் குழந்தையின் தோலைக் கீறும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும்.

மனைவி சித்ரகலா பக்கத்துத் தெருக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். அவளுக்குக் கண்ணில் படும் துணியில் எல்லாம் ஓட்டை தேடும் வியாதி. இவருக்குக் கண்ணில் படும் சட்டையின் காலரை எல்லாம் புரட்டிப் பார்க்கும் வியாதி. இருவரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனால், புதுச்சட்டை போட்ட சொந்தக்காரர்கள் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார்கள்.

இப்படிப்பட்டவர் கம்ப்யூட்டர் இன்சார்ஜ் ஆனது ஒரு விபத்து. ஏழெட்டு வருடம் முன்பு ஆபீஸ் பிரிண்டர் மங்கலாக அடித்தது. அந்த வழியாகப் போன நல்லான், அதன் மைப்பெட்டியைக் கழற்றி, நாலு குலுக்குக் குலுக்கித் திரும்ப மாட்டினார். பளிச்சென்று அடித்தது. அன்றிலிருந்து கம்பெனியில் வயர் உள்ள எது கெட்டாலும் "நல்லாண்ணனைக் கூப்பிடு" என்றாகிவிட்டது. அவரும் போய்க் குலுக்கிப் பார்ப்பார். குலுக்க முடியாததை அணைத்துத் திரும்பப் போடுவார். முக்கால்வாசி சரியாகிவிடும். இதற்கு மேல் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று அவர் யோசித்ததில்லை, யோசிக்க யாரும் விட்டதுமில்லை.

கம்பெனி குழந்தைத் துணி ஏற்றுமதி செய்வது. முதலாளி மகுடேஸ்வரன் நாற்பது வயதுக்காரர். நல்லவர்தான், ஆனால் பதற்றம் வந்தால் குரல் மெதுவாகிவிடும். கத்துகிற முதலாளியைத் தாங்கலாம், இந்த மாதிரி மெதுவாகப் பேசுகிறவரைத் தாங்க முடியாது.

போன ஐப்பசியில் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் புதிதாக ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு லேபிளிலும் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் குறி வேண்டும். வாங்குகிற தாய் போனை அதன்மேல் காட்டினால், இந்தச் சட்டைக்கு நூல் எங்கே வாங்கியது, சாயம் எங்கே ஏறியது, யார் தைத்தது என்று கம்பெனியின் வெப்சைட்டில் ஒரு பக்கம் திறக்க வேண்டும். அந்தக் குறிக்குள் இருப்பது வேறொன்றுமில்லை, ஒரு முகவரிதான். கம்பெனி பெயர், பிறகு lot என்ற சொல், பிறகு அந்தத் தொகுதிச் சட்டைகளின் லாட் நம்பர், கடைசியில் சாயத்தின் நம்பர். lot/4127/2 என்கிற மாதிரி. லேபிள் சரி என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நல்லான் போட்டார், மேலே சுழியோடு. அறுபதாயிரம் லேபிள் அடித்து, அறுபதாயிரம் சின்னச் சட்டையில் வைத்துத் தைத்து, கப்பலில் ஏற்றியாயிற்று.

கப்பல் கடலில் இருக்கும்போது மகுடேஸ்வரனுக்கு வெப்சைட்டைப் புதுப்பிக்கும் ஆசை வந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்த ஆட்கள் அழகாகச் செய்து கொடுத்தார்கள். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, புது வெப்சைட்டைத் திறந்து வைத்தார்கள். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு லட்டு, மறுநாள் லீவு.

திங்கள்கிழமை காலை நல்லான் வழக்கம்போல ரிஜெக்ட் பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போனைக் காட்டினார். தினமும் ஒன்றைப் பார்ப்பது அவர் பழக்கம். 'இந்தப் பக்கம் இல்லை' என்று வந்தது. லேபிளைக் கட்டைவிரலால் தேய்த்தார். மறுபடி இல்லை. வெளியே கொண்டுபோய் வெயிலில் காட்டினார். இல்லை. மை பரவியிருக்குமோ, ரிப்பன் இழுத்துக்கொண்டதோ என்று பெட்டியில் இருந்த இருபத்து மூன்று சட்டையையும் பார்த்தார். ஒன்றுகூடத் திறக்கவில்லை.

கோயமுத்தூர்க்காரர்களிடம் கேட்டதற்கு, பழைய முகவரிகளைப் பற்றி யாரும் தங்களிடம் சொல்லவில்லை, இனிச் செய்வதென்றால் நாலு வாரம் ஆகும் என்றார்கள். ஆனால் கன்டெய்னர் ஏற்கெனவே துறைமுகம் சேர்ந்துவிட்டது. வியாழக்கிழமை நம் நேரம் மதியம் ஒன்றரைக்கு பையரின் ஆள் பெட்டியை உடைத்து லேபிளைச் சோதிப்பார். திறக்காத லேபிள் என்றால் லேபிளே இல்லாத சரக்கு; அப்படியே திருப்பி அனுப்புவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

மகுடேஸ்வரன் அந்த ஒப்பந்தத்தை மேசையில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"வெப்சைட்டை மாத்துனது நானுதானுங்க நல்லாண்ணா. ஆனா லேபிளுக்குக் கீழ கையெழுத்து உங்களுது. பையரு அதத்தான் பாப்பாரு."

இருபத்தெட்டு வருடத்தில் நல்லான் கையெழுத்துப் போட்ட லேபிள் ஒன்றும் திரும்பி வந்ததில்லை. வெளியே வந்து போனை எடுத்தார்.

வெப்சைட் குடியிருக்கும் சர்வர் என்கிற சாமானை வாடகைக்கு விட்டிருப்பது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், பேக்கரிக்கு மேல் மாடியில் மூன்று பேர் நடத்தும் சின்ன ஆபீஸ். போன் எடுத்தது ரிஃபானா. முப்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எவ்வளவு குழம்பியவர் பேசினாலும் நிதானமாகக் கேட்கும் குணம் உள்ளவள். நல்லான் ரிப்பனிலிருந்து தொடங்கி, மை வழியாக வந்து, கப்பலில் முடிக்கும் வரை அவள் குறுக்கே பேசவில்லை.

"லேபிள்ல ஒரு தப்பும் இல்லீங்கண்ணா," என்றாள். "ஊடு மாறிப் போச்சு, அவ்வளவுதான். பழைய கதவு நம்பரத் தேடி வர்றவங்களுக்குப் புது ஊட்டக் காட்ட வாசல்ல ஒரு ஆள் நிக்கோணும். அந்த ஆளு இல்ல. ஒரு வரி எழுதி வெச்சா அதுவே அந்த ஆளுங்க."

முந்நூற்றுச் சொச்சம் லாட் இருக்கிறது, அத்தனைக்கும் எழுத வேண்டுமா என்று நல்லான் கேட்டார். அத்தனைக்கும் ஒரே வரி போதும் என்றாள். அதுதான் இதில் உள்ள வித்தை. இதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். அவள் தானே எழுதிக் கொடுக்கலாம்தான், ஆனால் வாடிக்கையாளரின் ஃபைலில் கை வைப்பதில்லை என்று அந்த ஆபீஸில் ஒரு கறார் விதி. எழுத வேண்டியதை அனுப்புகிறேன், நீங்களே அடியுங்கள் என்று இரண்டு வரி அனுப்பினாள். முதல் வரி, இந்த வேலையைத் தொடங்கு என்பது. இரண்டாவது வரியின் நடுவில் இது இருந்தது:

^lot/([0-9]+)/([0-9]+)$

நல்லான் போனை ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கோழி கிளறிவிட்டுப் போன இடம் மாதிரி இருந்தது. குலுக்கவும் வழியில்லை.

ரிஃபானா ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் இருக்கும் கூரை மாதிரிக் குறி, முகவரி இங்கே தொடங்குகிறது என்பதற்கு. கடைசி டாலர், இங்கே முடிகிறது என்பதற்கு. சதுர அடைப்புக்குள் இருப்பது, பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஏதாவது ஒரு எண். பக்கத்தில் உள்ள கூட்டல், அந்த மாதிரி எண் ஒன்றோ அதற்கு மேலோ எத்தனை வந்தாலும் சரி என்பதற்கு. வளைந்த அடைப்பு, அந்த எண்ணைக் கையில் பிடித்து வைத்துக்கொள் என்பதற்கு.

அந்த இடத்தில் நல்லானுக்குக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. பழைய நம்பரிங் மெஷினில் சக்கரம் சக்கரமாக இருக்கும், ஒவ்வொரு சக்கரத்திலும் பூஜ்யம் முதல் ஒன்பது. அதுதானே இது என்று கேட்டார். அதேதான், எத்தனை சக்கரம் என்று கணக்கில்லாத மெஷின் என்றாள். அவர் உற்சாகமாகிவிட்டார். ஆனால் அடுத்து அவள் புது முகவரியைச் சொன்னாள்: /products/$1/shade-$2. பிடித்து வைத்த முதல் எண் டாலர் ஒன்றில் வரும், இரண்டாவது டாலர் இரண்டில் வரும்.

முடிவுக்குத்தானே டாலர் என்றீர்கள் என்று கேட்டார் நல்லான். அந்தப் பக்கம் இருந்தால் முடிவு, இந்தப் பக்கம் இருந்தால் பிடித்து வைத்தது என்றாள். திருப்பூரில் டாலர் என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்; அதற்கே தினமும் ஏற்ற இறக்கம் பார்த்து மண்டை காய்கிறது. இதில் ஒரே வரியில் இரண்டு அர்த்தம் என்றால் மனிதன் என்ன செய்வான்? சக்கரத்தில் வந்த வெளிச்சம் டாலரில் அணைந்துபோனது. புரிந்ததோ இல்லையோ, பார்த்து அடிக்கத் தெரியும், அது போதும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ரிஃபானா சொன்ன இடத்தில், அந்த வரிகளை எழுத வேண்டிய ஃபைலைத் திறந்தார். ஒன்றுமே எழுதாமல் காலியாக இருந்தது. தமிழ் நோட்டீஸ்களும் அவர்தான் அடிப்பவர் என்பதால் விசைப்பலகையில் தமிழ் கைவசம் உண்டு. வழக்கம்போல் மேலே ஒரு உ. அதன் கீழே, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, இரண்டு வரிகள். சேவ் அழுத்தினார்.

லேபிள் திறக்கவில்லை. அதுவாவது பழைய கதை. இப்போது முன்பக்கமும் திறக்கவில்லை. தேங்காய் உடைத்துத் திறந்து வைத்த வெப்சைட் முழுவதும் போய், வெள்ளைத் திரையில் ஐந்நூறு என்ற எண் மட்டும் நின்றது.

நல்லான் எழுதிய இரண்டு வரியையும் அழித்து மறுபடி சேவ் செய்தார். அப்போதும் ஐந்நூறு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். ஐந்நூறு. ரிஃபானாவைக் கூப்பிட்டு, எழுதினதையெல்லாம் அழித்துவிட்டேன், இன்னும் வரமாட்டேன் என்கிறது என்றார். அவளுக்கும் விளங்கவில்லை. எழுதுவதற்கு முன்பு ஓடியது, எழுதியதை அழித்த பிறகு ஓடவில்லை என்றால் என்ன அர்த்தம்? முதலில் ஓடட்டும் என்று, தன் பக்கத்திலிருந்து ஒரு பொத்தானை அழுத்தி முந்தின நாள் நிலைமைக்குக் கொண்டு வந்தாள். ஃபைல் காலியானது. வெப்சைட் வந்துவிட்டது.

மறுபடி முயலலாம் என்றபோது மணி மூன்று. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். நல்லான் நாலரை வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலரைக்குப் புதிதாக, பக்தியோடு, முதலிலிருந்து எழுதினார். ஐந்நூறு. ரிஃபானா மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

புதன்கிழமை முழுவதும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். ரிஃபானா போனிலேயே எழுத்துக்கு எழுத்து வாசிக்கச் சொன்னாள். நல்லான் திரையில் விரல் வைத்து வாசித்தார். கூரைக் குறிங்க, எல்லுங்க, ஓவுங்க, டீயுங்க, சாய்ஞ்ச கோடுங்க என்று பாடம் ஒப்பிப்பதுபோல முதல் வரியும் இரண்டாம் வரியும் வாசித்து முடித்தார். ஒரு புள்ளி பிசகில்லை. அவர் வாசிக்க வாசிக்க அவள் தன்னுடைய சோதனைச் சர்வரில் அடித்துப் பார்த்தாள். அங்கே அழகாக ஓடியது. இங்கே ஐந்நூறு.

ஒரே எழுத்து, அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை. இதைவிட மனிதனைக் கிறுக்காக்க வேறென்ன வேண்டும்? விசைப்பலகையில் தூசியோ என்று துடைத்தார். வேறு விசைப்பலகை மாற்றினார். மகுடேஸ்வரன் வந்து பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் தெற்குப் பார்த்து இருக்கிறதே என்றார். மேசையைக் கிழக்கே திருப்பினார்கள். திருப்பும்போது லேபிள் பிரிண்டரின் வயர் பிடுங்கிக்கொண்டு, லேபிள் செக்ஷனில் நாலு பெண்களின் வேலையும் அரைமணி நேரம் நின்றதுதான் மிச்சம். கிழக்குப் பார்த்தும் ஐந்நூறுதான் வந்தது.

நல்லானுக்கு அந்த வரியின்மேல் சந்தேகம் போய்த் தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. லேபிள் எண்ண வந்தவன் எதற்கு இதில் கை வைத்தேன்? மைப்பெட்டியைக் குலுக்கிய அன்றே வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதி வருமா? அறுபதாயிரம் சட்டையும் திரும்பி வந்து வாசலில் இறங்குவதுபோலவும், எல்லாக் காலரிலும் தன் கையெழுத்து இருப்பதுபோலவும் பகலிலேயே தோன்றியது. அவருக்கு அவமானமாக இருந்தது. வேலை போவதைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் சித்ரகலா வைத்த டீ ஆறியது. என்னவென்று கேட்டாள். டாலர், கூரை, ஐந்நூறு என்று அவர் சொன்னதில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் செக்கிங் டேபிள்காரி.

"ஏனுங்க, நாள் பூரா போன்லயே படிச்சுக் காட்டுனா ஓட்டை தெரியுமுங்களா? துணிய வாயில சொல்லி யாராச்சும் செக் பண்ணுவாங்களா? கையில எடுத்துட்டுப் போயி வெளிச்சத்துல புடிச்சுக் காட்டுங்க."

வியாழக்கிழமை காலை நல்லான் அதைத்தான் செய்தார். கையில் எடுத்துப் போவது என்றால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். திரையில் இருந்ததை இருந்தபடியே லேபிள் பிரிண்டருக்கு அனுப்பி, வெள்ளை சாட்டின் ரிப்பனில் அடித்தார். துவைத்தாலும் போகாத மை. ஓரத்தைச் சூட்டுக் கத்தியில் வெட்டி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, கூடவே ஒரு ரிஜெக்ட் சட்டையையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். போகிற வழியெல்லாம் சிக்னல்களைச் சபித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால்.

மாடியில் ரிஃபானா ரிப்பனை வாங்கினாள். அரைமுழம் ரிப்பனில் சர்வர் கட்டளையை அடித்துக்கொண்டு வந்த வாடிக்கையாளரை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. ஆனாலும் சிரிக்காமல் ஜன்னலோரம் போய் நின்று படித்தாள். ஒருமுறை படித்தாள். பிறகு ரிப்பனின் மேல்நுனியில் விரலை வைத்தாள்.

"அண்ணா, மேல ஒரு உ இருக்குதுங்களே. இது ஃபைல்லயும் இருக்குதுங்களா?"

"அதுங்களா அம்மணி, அது எழுத்து இல்லீங்க. பிள்ளையார் சுழி."

"அது தெரியுதுங்கண்ணா. ஃபைல்ல இருக்குதுங்களா?"

"அது எப்பவும் இருக்குமுங்களே," என்றார் நல்லான். சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. உட்கார நாற்காலி தேடினார்.

ரிஃபானா நிதானமாக எடுத்துச் சொன்னாள். சர்வர் அந்த ஃபைலை மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கும். ஒவ்வொரு வரியும் அதற்கு ஒரு கட்டளை. முதல் வரியில் உ என்று இருந்தால், உ என்றால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. தெரியாத கட்டளை வந்தால் அது மேற்கொண்டு எதுவும் செய்யாமல் நின்றுவிடும். அவர் வரிகளை அழித்தபோதும் உ அழியவில்லை, அதனால்தான் அப்போதும் நின்றது. போனில் வாசித்தபோது அவர் உ-வை வாசிக்கவில்லை, அதனால்தான் அவளிடம் ஓடியது.

மூன்று நாள் குழப்பத்துக்கு இவ்வளவுதான் காரணமா என்று நல்லானுக்கு ஒரு பக்கம் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது? பிள்ளையார்மேல் முடியுமா? முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழித்துவிடவா என்று கேட்டார். கேட்டாரே தவிர, அவள் கொடுத்த கம்ப்யூட்டரின்முன் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தபோது, அந்த ஒற்றை எழுத்தின் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. மணி பன்னிரண்டு ஐம்பது. ஒன்றரைக்குப் பெட்டி உடைப்பார்கள். வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலமும் பிறக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சுழி இல்லாத ஒன்றை, அதுவும் இப்படிப்பட்டதை, இந்த நேரத்திலா தொடங்குவது? பயமாக இருந்தது. பயம் என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

ரிஃபானா அந்த விரலைப் பார்த்தாள்.

"அழிக்க வேண்டாங்கண்ணா," என்றாள். "அதுக்கு முன்னால ஒரு ஹேஷ் போடுங்க. ஹேஷ் போட்ட வரிய சர்வர் படிக்காது. அது மனுசங்க படிக்கறதுக்கு மட்டுந்தான். சுழி அங்கயே இருக்கட்டும்."

நல்லான் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட அந்தக் குறியைத் தேடி எடுத்து உ-வுக்கு முன்னால் வைத்தார். சேவ் அழுத்தினார். பையிலிருந்து சின்னச் சட்டையை எடுத்து, காலரைப் புரட்டி, போனைக் காட்டினார். போன் ஒரு நொடி யோசித்தது. பிறகு லாட் 4127, சாயம் 2 என்று பக்கம் திறந்தது. இளம் மஞ்சள் சட்டையின் படம், நூல் வந்த ஊர், தைத்த ஹாலின் படம். நல்லான் போனை மடியில் வைத்துவிட்டு, அந்தச் சின்னச் சட்டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கீழே பேக்கரிக்கு இரண்டு டீ சொல்லிவிட்டு, தன் வேலையைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு மகுடேஸ்வரனின் போனுக்குத் தகவல் வந்தது. பன்னிரண்டு பெட்டியில் பார்த்தார்களாம், எல்லா லேபிளும் திறக்கிறதாம், சரக்கை எடுத்துக்கொண்டார்களாம். அவர் லேபிள் செக்ஷனுக்கே வந்து, இந்தமுறை சத்தமாக, நாலு பெண்களும் கேட்கும்படி அதைச் சொன்னார். பிறகு, போகிற போக்கில், இந்த வெப்சைட்டும் அவ்வளவு திருப்தியில்லை, அடுத்த வருடம் வேறு ஆட்களை வைத்து மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன் என்றார்.

நல்லான் பையிலிருந்த சின்னச் சட்டையை எடுத்தார்.

முதலாளி போனபிறகு வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் யாரோ ஒருவர் வந்து இந்த ஃபைலைத் திறப்பார். கோழி கிளறிய மாதிரி ஒரு வரியைப் பார்ப்பார். இது எதற்கு என்று அவருக்குச் சொல்ல அப்போது யார் இருப்பார்கள்? கோயமுத்தூர்க்காரர்களுக்கும் யாரும் சொல்லவில்லைதானே. துடைத்துப் போட்டுவிடுவார்.

அவர் ஃபைலைத் திறந்தார். உ-வுக்குக் கீழே, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மறக்காமல் அந்தக் குறியைப் போட்டு, தமிழிலேயே அடித்தார்.

# உ
# இதன் கீழே உள்ள வரி அறுபதாயிரம் லேபிளுக்கானது. லேபிள்கள் குழந்தைச் சட்டைகளில் தைத்தாகிவிட்டது. இனிப் பிரிக்க முடியாது.
# ஒரு குழந்தைக்குச் சின்னதாகிவிட்டால் அடுத்த குழந்தைக்குப் போடுவார்கள். அதனால் இந்த வரி பல வருடம் இருக்க வேண்டும்.
# கடைசியில் உள்ள டாலர் எதற்கு என்று ரிஃபானா சொன்னார். எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. எடுக்காதீர்கள்.
# சந்தேகம் இருந்தால் கேட்கவும். நல்லான், லேபிள் செக்ஷன்.

ஹேஷ் எல்லா வரியிலும் இருக்கிறதா என்று விரல் வைத்து ஐந்தையும் எண்ணினார். மறுபடி ஒருமுறை எண்ணினார். சேவ் அழுத்திவிட்டு, சட்டையின் காலரைப் புரட்டிப் போனைக் காட்டினார்.

திறந்தது.